பதினோராம் நாள் வெள்ளை

சொத்... சொத்... நனைந்த துணி கல்லில் விழும் சத்தம். அதன் பின்னாலேயே ஒரு மூச்சு, "உஸ்" என்று, பல்லிடுக்கில் வடிகட்டி விட்ட மாதிரி. பினாங்கில் எந்தச் சந்தில் போனாலும், யாராவது கொல்லையில் நாலு துணி அடித்துத் துவைத்தால் என் கால் நின்றுவிடுகிறது. சத்தத்துக்குப் பிறகு அந்த மூச்சுக்காகக் காத்திருக்கிறேன். வருவதில்லை. பிறகு நடக்கிறேன்.

பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும். ஜார்ஜ் டவுனில் டிராம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஓடிய காலம். ஆயர் ஈத்தாம் சாலையை ஒட்டி, ஆற்றோரம் வண்ணாந்துறை. வரிசையாகக் கற்கள், கற்களுக்குப் பின்னால் துணிக்கொடிகள், கொடிகளுக்குப் பின்னால் தகரக் கூரை வீடுகள். அதில் ஒன்றில் அண்ணனும் நானும் இருந்தோம். அண்ணன் சலவைத் தொழிலாளி. நான் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. அவர் கல்லில் அடித்த அடியில்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். அண்ணியும் அவர்கள் மகளும் ஊரில், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. வெள்ளாவியில் அவிந்து வந்த வெள்ளை வேறு, கஞ்சி குடித்த வெள்ளை வேறு, நீலம் ஒரு சிட்டிகை வாங்கிய வெள்ளை வேறு. "இது தும்பைடா", "இது சங்கு", "இது இன்னும் பல்லு வெள்ளைதான், இன்னொரு தண்ணி கேக்குது" என்பார். வெறுமனே "வெள்ளை" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழும். குழி நிறைய நேரம் பிடிக்கும். ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நாளெல்லாம் நிற்கிற மனிதருக்குக் கால் வீங்குவது என்ன அதிசயம் என்று விட்டுவிட்டோம். பிறகு மூச்சு. படுத்தால் முட்டியது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் மார்பில் காதுகுழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இருதயம் தளர்ந்துபோயிருக்கிறது, துடிக்கிறது, ஆனால் இறைக்கவில்லை என்றார். பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். சீமையில் விளையும் ஏதோ பூஞ்செடியின் இலையிலிருந்து இறக்குவதாம்.

வேளைக்குப் பத்துச் சொட்டு, மூன்று வேளை. இரண்டு வாரம் கொடுத்துவிட்டுக் கட்டாயம் அழைத்து வா, பார்த்துத்தான் மேலே கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வாயால் சொன்னார். சீசாவில் ஒட்டியிருந்த சீட்டில் பத்துச் சொட்டு இருந்தது, மூன்று வேளை இருந்தது. இரண்டு வாரம் இல்லை. நான் கிராணி. எழுதியிருப்பதுதான் எனக்கு உத்தரவு. எழுதாமல் சொன்னது, படியிறங்கும்போதே என் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

மருந்து வேலை செய்தது. வினையே அதுதான். பத்தே நாளில் வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு பழைய இடத்தில் தெரிந்தது. அண்ணன் மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். சீராக, கடன் சுமையில்லாத மனிதனின் மூச்சு மாதிரி. இரண்டு வாரம் ஆயிற்று, மூன்றாயிற்று. நன்றாக இருப்பவரை எதற்கு டாக்டரிடம் இழுத்துப் போவது? சீசா காலியானதும் மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி இன்னொன்று வாங்கினேன். பிறகு இன்னொன்று. ஆபீசுக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை, கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்து நானே எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. துறையில் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. என்னைப் படிக்க வைத்தவருக்கு என் படிப்பைச் சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுப்பதாக ஒரு நினைப்பு.

ஆறாவது வாரமோ என்னவோ, அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளினார். "குமட்டுதுடா. சோத்தைக் கண்டாலே வயிறு திரும்புது." இரண்டு நாளில் வாந்தி. மூன்றாம் நாள், கோயில்பிள்ளை வந்தார்.

எங்களிடம் துணி போடும் மாதா கோயிலில் பீடத் துணிகளையும் அங்கிகளையும் கவனிப்பவர் அவர். வயதானவர், வாய்த்துடுக்கு. கையில் மூட்டை. கொடியடியில் நின்று அவிழ்த்தார். உள்ளே இருந்த பீடவிரிப்புகள் எல்லாம் நீலம். லேசான நீலம் இல்லை. கருக்கல் விலகின வானம் போல நீலம்.

"ஏம்பா, மாதாவுக்குத்தான் நீலம். பீடத்துக்குமா? சாமியார் பூசையை நிறுத்திட்டு மேகம் எங்கேன்னு தேடுறார்."

அண்ணன் ஒரு விரிப்பை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நீலம் எங்க? இன்னும் பழுப்பு போகலையே. நாலு தரம் நீலத்துல முக்கிட்டேன், மஞ்சள் விடவே மாட்டேங்குது."

கோயில்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் போட்டிருக்கிற சட்டை என்ன நிறம்?"

"மஞ்சள் பிடிச்சிருக்கு. கழட்டிப் போடு. நாலு நாளா எல்லாரும் மஞ்சளாத்தான் திரியிறீங்க. தண்ணிதான் கெட்டுப்போச்சோ என்னவோ."

அடுத்த வீட்டு அக்கா, அவளும் துறைக்காரி, இதைக் கேட்டுக்கொண்டே ஈரக் கையோடு வந்தாள். வந்தவள் ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னாள். "காமாலை! அதுல என்ன சந்தேகம்? சோறு செல்லலை, வாந்தி, பாக்குறதெல்லாம் மஞ்சள். காமாலை லா! இங்கிலீஷ் படிச்ச தம்பிக்கு இது தெரியலையா?"

எனக்கும் சந்தேகம் வரவில்லை. மஞ்சளாகத் தெரிகிறது என்றால் காமாலை. தமிழ் பேசுகிற எந்த வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நாம் பேச்சோடு பேச்சாக வாங்கிக்கொண்டுவிட்ட விஷயம், யாரும் நின்று சோதித்துப் பார்ப்பதில்லை. அக்கா கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். உப்பை நிறுத்தினாள், எண்ணெயை நிறுத்தினாள். நான் நிறுத்தாதது ஒன்றே ஒன்றுதான், அந்தச் சொட்டு மருந்து. அண்ணன் துவண்டு கிடக்கிறாரே, இருதயத்துக்குத் தெம்பு வேண்டுமே என்று பத்தைப் பன்னிரண்டாக்கினேன். யாரும் சொல்லவில்லை. நானாக. இன்றைக்கும் பன்னிரண்டு என்ற எண்ணைச் சத்தமாகச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

ஐந்து நாள் கீழாநெல்லி. ஐந்து நாளும் பன்னிரண்டு சொட்டு. அண்ணன் பேச்சைக் குறைத்தார். ஆளைப் பார்த்தால் முகத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டுக்கட்டி மருந்து கொடுக்கும் டிரெஸராக இருந்த ஒருவர் தம் வெள்ளை உடுப்பைக் கேட்டு வந்தார். அதுவும் நீலம்தான். நான் மன்னிப்புக் கேட்டு, அண்ணனுக்குக் காமாலை என்றேன். அவர் உடுப்பை மறந்துவிட்டு உள்ளே வந்தார். அண்ணனை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"யார் சொன்னது காமாலைன்னு?"

அக்கா கதவோரத்திலிருந்து, "எல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்கிறாரே" என்றாள்.

"காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணும்மா. இவர் கண்ணு சலவைக்குப் போட்ட மாதிரி வெளுப்பா இருக்கு. கண்ணுல இல்லாத மஞ்சள் பார்வைக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்னிடம் திரும்பினார். "என்ன மருந்து சாப்பிடுறார்?"

சீசாவை நீட்டினேன். சீட்டைப் படித்தார். அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அவர் உதடு எண்ணியது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்த உதடு எவ்வளவு நேரம் காத்திருந்தது!

"நிமிஷத்துக்கு நாப்பதுகூட இல்ல. எத்தனை நாளாக் கொடுக்கிறே?"

சொன்னேன். பன்னிரண்டையும் சொன்னேன். அவர் சீசாவை மூடித் தம் பையில் போட்டுக்கொண்டு, ரிக்ஷா கொண்டுவரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் அசையவிடாமல் படுக்க வைத்திருந்தார்கள். டிரெஸர் சந்தேகப்பட்டதையேதான் டாக்டரும் சொன்னார்: மஞ்சளாகக் காட்டுவது மருந்துதான், காமாலை இல்லை; அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் நான் டிரெஸரைப் பிடித்துக்கொண்டேன். மருந்தை நிறுத்தியாயிற்றே, இந்த மஞ்சள் எத்தனை நாளில் போகும்?

"இந்த மருந்து உள்ளே போனது சொட்டுச் சொட்டா. வெளியே வர்றதும் அப்படித்தான். தினம் கொஞ்சம் போகும். குமட்டல் முதல்ல அடங்கும். கண்ணு ஒரு வாரம் ஆகலாம், ரெண்டு வாரம், மூணு வாரம்கூட ஆகலாம். அவரவர் உடம்பு. யாரும் நாள் குறிச்சுக் கொடுக்க முடியாது தம்பி. நீ வேணா தினம் கேட்டு எழுதி வை. தெளிஞ்சதும் சொல்லு. அதுக்கப்புறம்தான் மறுபடி எப்படிக் கொடுக்கிறதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவார்."

"மறுபடியுமா?"

"வேற என்ன இருக்கு? இந்த மருந்து இல்லேன்னா கால் திரும்ப வீங்கும்."

எழுதி வை என்றால் போதாதா எனக்கு! நிறுத்திய நாளிலிருந்து எண்ணினேன். ஆஸ்பத்திரியில் கழிந்தவை நான்கு. ஐந்தாம் நாளிலிருந்து, விடிந்து நல்ல வெளிச்சம் வந்ததும் அக்கா வெளுத்துத் தந்த ஒரு துண்டை இரண்டு கையாலும் விரித்து அண்ணன் முன்னால் நிற்பேன்.

"இன்னிக்கு என்னண்ணே?"

"வாழைப்பழத் தோலு."

ஆறாம் நாள், "அதேதான்." ஏழு, "பசு நெய்." எட்டு, "நெய்தான்டா, உருகின நெய்." ஒன்பதாம் நாள் நெடுநேரம் பார்த்தார். "பழைய தந்தம்." குமட்டல் அடங்கியிருந்தது, கஞ்சி இறங்கிற்று. ஆனால் கணுக்காலில் மறுபடி லேசாக ஒரு பளபளப்பு. நான் விரலை வைத்து அமுக்கினேன். குழி விழுந்தது. அந்தக் குழியையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். மஞ்சள் போகாமல் மருந்து கிடையாது; மருந்து இல்லாமல் கால் தாங்காது. நடுவில் அண்ணன். அவரை அந்த நடுவில் கொண்டுபோய் நிறுத்திய நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எனக்குச் சோறு செல்லவில்லை. ஆபீசில் ஒரே கடிதத்தை இரண்டு முறை நகலெடுத்தேன். பத்தாம் நாள், "தந்தம்" என்றார். நான் என்னையறியாமல் தலையிலடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

பதினோராம் நாள் துண்டை விரித்தேன். அவர் துண்டைப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. துண்டுக்கு மேலே, என்னைப் பார்த்தார்.

"வெள்ளை" என்றார்.

தும்பை இல்லை, சங்கு இல்லை, பல்லு இல்லை. வெள்ளை. வாழ்நாளில் அப்படிச் சொல்லாத மனிதர். எனக்கு உறைக்கவே இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். "தெளிஞ்சிருச்சு அக்கா! பதினோரு நாள்!" அக்கா ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டினாள். அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டரிடம் பதினோரு நாள் என்று திருத்தமாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வேறு சீசா கொடுத்தார்: ஐந்து சொட்டு, இரண்டே வேளை. எத்தனை நாள் கொடுக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று இந்தத் தடவை நானே கேட்டுச் சீட்டில் எழுத வைத்தேன். புத்தி வந்துவிட்டதாம் எனக்கு.

அண்ணன் அதற்குப் பிறகு கல்லடிக்குப் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்றார். வெளுத்த துணி பக்கம்கூடத் திரும்பாமல், வாசலில் உட்கார்ந்து சாலையில் போகிற மாட்டுவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "ஊருக்குப் போறேன்டா. மகளைப் பார்க்கணும்" என்றார். டாக்டர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. நான் வேலை செய்த ஆபீசிலேயே சீட்டு எடுத்தேன்.

படகுத்துறையில் நல்ல கூட்டம். கப்பல் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. தோணியில்தான் போய் ஏற வேண்டும். வானம் மூட்டமாக இருந்தது. அண்ணனைக் கைத்தாங்கலாகத் தோணியில் இறக்கி உட்கார வைத்தேன். பெட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு மேலே ஏறிவிட்டேன். தோணிக்காரர் நாகூர்ப் பக்கத்து மனிதர். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அண்ணன் நெற்றியில் கையை வைத்துக் கப்பலைப் பார்த்தார். முகம் மாறியது.

"தம்பி! கப்பல்ல மஞ்சக் கொடி ஏத்தியிருக்கானேடா! உள்ள என்ன சீக்கு? காலராவா?"

துறைமுகத்து ஊரில் மஞ்சள் கொடி என்றால் குழந்தைக்கும் தெரியும். கப்பலில் தொற்றுநோய், யாரும் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தோணியில் இருந்த நாலைந்து பேர் திடுக்கிட்டு எழுந்தார்கள்.

தோணிக்காரர் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கிற கப்பலுக்கு ஏன் அண்ணே சீக்கு வரவழைக்கிறீங்க? அது கம்பெனிக் கொடி லா. வெள்ளை. தேங்காய்ப் பாலாட்டம் வெள்ளை."

நான் பார்த்தேன். வெள்ளைதான்.

அண்ணன் கையை இறக்கினார். "ஆமா, ஆமா. வெயில்ல சரியாத் தெரியலை" என்றார். வெயிலே இல்லை.

"அன்னிக்கு வெள்ளைன்னு சொன்னீங்களேண்ணே."

"விடுடா."

"ஏன் சொன்னீங்க?"

"சோறு தின்னாம துண்டைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறே, தலையில அடிச்சுக்கிறே. தினம் அதைப் பார்த்துக்கிட்டு நெய்யி, தந்தம்னு சொல்லிக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

அவர் பொய் சொன்னார். நான் அந்தப் பொய்யை எண்ணாக்கி டாக்டரிடம் கொடுத்தேன். டாக்டர் அதை நம்பி மருந்தைத் திரும்பத் தொடங்கினார். பழையது இன்னும் உடம்பை விட்டுப் போகாமல் இருக்கும்போதே புதியது அதன் மேல் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சீசா இப்போது அவர் பெட்டிக்குள். இதெல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது. இறங்குங்கள், நாளைக்குப் போகலாம், முதலில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கத்தியிருக்கலாம். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். தோணிக்காரர் கயிற்றை வீசிவிட்டார். என்னோடு வேலை செய்யும் இன்னொரு கிராணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமா, திகைப்பா, தெரியவில்லை, நான் உடனே கத்தவில்லை. துடுப்பு விழுந்தது.

அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்தார். நான்கு மாதம் இருந்தார். மகள் மடியில் தலை வைத்துத்தான் போனாராம். கண் எப்போதாவது தெளிந்ததா என்று அண்ணிக்கு எழுதிக் கேட்டேன். அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை என்று அண்ணி யாரையோ கொண்டு பதில் எழுதியிருந்தார். இந்த மருந்தின் தொல்லை எத்தனை நாள் இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரின் ஏட்டில் எங்கோ பதினொன்று என்று இருக்கும்; அது தப்பு. அன்றைய அண்ணனின் வயது இப்போது எனக்கு. துறைப் பக்கத்தில் யாராவது மருந்துச் சீட்டை நீட்டி, "கிராணி, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றால், டாக்டர் வாயால் என்ன சொன்னார் என்று முதலில் கேட்கிறேன். நோயாளி பக்கத்தில் இருந்தால், "எனக்காகச் சொல்லாதீங்க, இருக்கிறதைச் சொல்லுங்க" என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று, தோணி இருபது முழம் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. படித்துறையின் கடைசிப் படியில் தண்ணீர் செருப்பை நனைக்க நின்று கத்தினேன்.

"அண்ணே! அந்த மருந்தை நிறுத்துங்க! இப்பத் தொடாதீங்க!"

அவர் திரும்பினார். காதருகில் கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். துடுப்புச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் தெளிவாக வந்தது.

"எத்தனை நாளைக்குடா?"